முதல் பழம் உருளும் வரை

கடலூர் முதுநகர்,
ஆகஸ்ட் 18

சேசு மரி சூசை துணை

ஜோதிலட்சுமிக்குச் சவரியம்மாள் எழுதுவது. இங்கே நான் சுகம். அங்கே நீயும் சுகம்தான் என்று என் மகன் ஆகாஷ் சிங்கப்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் சொல்லிவிடுகிறான். அதனால் நான் தனியாக விசாரிக்கவில்லை.

கடிதத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருப்பாய். நீங்கள் இரண்டு பேரும் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்காமல், பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், சிதம்பரம் ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் பண்ணிக்கொண்டீர்கள். அந்தப் போட்டோவை நான் அடுத்தவள் போனில் பார்த்தேன். அன்றைக்கு என் அண்ணன் தம்பி எல்லாருக்கும் முன்னால், "செத்தாலும் அவகிட்ட வாயத் தொறக்க மாட்டேன்" என்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான். ஆனால் வாயைத் திறக்க மாட்டேன் என்றேனே தவிர, பேனாவைத் திறக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. வாட்சப் வேண்டாம். அதில் நான் படித்துவிட்டேன் என்று உனக்கு நீலக் குறி காட்டிக்கொடுக்கும்.

விஷயம் இதுதான். கிறிஸ்துமஸ் கேக்கை இந்த வருஷம் பேக்கரித் தமிழ்மணியிடம் கொடுத்துக் கலக்கிச் சுடலாம் என்றிருக்கிறேன். அவன், "டம்ளர் கணக்குலாம் மெஷினுக்குத் தெரியாதும்மா, கிராம்ல எழுதிக் குடுங்க" என்கிறான். வெண்ணெய், சர்க்கரை, மைதா எல்லாம் கடையிலேயே கிலோவில் வாங்குவதால் எனக்கே தெரியும். பழம்தான் சிக்கல். ஒரு ஈட்டுக்கு உலர்திராட்சை நாலு டம்ளர், பேரீச்சை இரண்டு, செர்ரி ஒன்று, டூட்டி ஃப்ரூட்டி ஒன்று, முந்திரி ஒன்று. இதைக் கிராமாக மாற்றிக் கொடு. நீ ஏதோ எடை போடுகிற உத்தியோகம் பார்க்கிறாய் என்று ஆகாஷ் சொன்னான். அதனால்தான் உன்னைக் கேட்கிறேன், வேறு காரணம் இல்லை.

இப்படிக்கு,
சவரியம்மாள்


அண்ணாமலை நகர்,
ஆகஸ்ட் 23

உ

மரியாதைக்குரிய அத்தைக்கு ஜோதிலட்சுமியின் வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். நீங்கள் விசாரிக்காவிட்டாலும் சொல்ல வேண்டியது என் கடமை.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீலக் குறி இல்லாததால் நானே சொல்லிவிடுகிறேன்.

நான் விதை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன், அத்தை. ஒரு டம்ளர் எள்ளும் ஒரு டம்ளர் வேர்க்கடலையும் ஒரே எடை இருக்காது என்பதுதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. பழமும் அப்படித்தான். செர்ரி பாகில் ஊறியது, கனமாக இருக்கும். முந்திரி வளைந்து வளைந்து கிடந்து, டம்ளருக்குள் பாதியைக் காற்றுக்கு விட்டுவிடும். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே கணக்குப் போட முடியாது.

முதலில் உங்கள் டம்ளர் எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டும். எலக்ட்ரானிக் தராசில் காலி டம்ளரை வைத்து, பட்டனை அமுக்கிச் சைபர் ஆக்கிவிட்டு, தண்ணீர் நிரப்பி எடை போடுங்கள். எத்தனை கிராமோ அத்தனை மில்லி. பிறகு ஒவ்வொரு பழமாக அதே டம்ளரில் அளந்து நிறுத்து எழுதுங்கள். பேரீச்சையை முழுசாகப் போடாதீர்கள், முழுப் பழத்துக்கு நடுவில் சந்து விழும். கேக்குக்கு எப்படி நறுக்குவீர்களோ அப்படி நறுக்கிப் போட வேண்டும்.

ஒரே ஒரு கேள்வி. பேக்கரியில் கலக்கினால் பேரீச்சை கூழாகிவிடும் என்று மெஷினைப் பக்கத்திலேயே விடமாட்டீர்கள் என ஆகாஷ் சொல்வார். இந்த வருஷம் என்ன அவன்மேல் அவ்வளவு நம்பிக்கை?

அன்புடன்,
ஜோதிலட்சுமி


கடலூர் முதுநகர்,
செப்டம்பர் 3

சேசு மரி சூசை துணை

ஜோதிலட்சுமிக்கு, நான் சுகம். நீ சுகம் என்று நீயே எழுதிவிட்டாய்.

உன் கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி போட்டிருக்கிறாய். போட்டுக்கொள். நான் என் சாமியைப் போட்டேன், நீ உன் சாமியைப் போட்டாய், கணக்குச் சரியாகிவிட்டது.

எலக்ட்ரானிக் தராசுக்கு நான் எங்கே போவேன்? மளிகைக் கடைக்காரன் தன் கடைச் சாமானைத் தவிர வேறெதையும் தட்டில் வைக்க விடமாட்டேன் என்றான். கடைசியில் மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். சிங்காரத்தோப்புக் கொளஞ்சியம்மாளிடம்தான் எப்போதும் மீன் வாங்குவேன். "இன்னாக்கா, வஞ்சிரம் நிறுக்குற தராசுல திராட்சய கொண்டாந்து வெக்கிற" என்று சிரித்தாள். ஆனாலும் தட்டைக் கழுவித் துடைத்து, டம்ளரை எடுத்து வைத்து, தண்ணீர் ஊற்றி, எல்லாம் அவளே செய்தாள். பேரீச்சையைக்கூட அவள்தான் நறுக்கினாள், நல்ல வேளையாக மீன் கத்தியில் இல்லை. அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஒரு ஆள் வந்து, "திராட்ச கிலோ என்னா விலைக்கா?" என்று அவளிடம் கேட்கிறான்.

தண்ணீர் 200 கிராம். திராட்சை 125, நறுக்கிய பேரீச்சை 130, செர்ரி 165, டூட்டி ஃப்ரூட்டி 150, முந்திரி 110. தராசுக்கு முன்னால் நேர்மையாக அளந்தது. பழம் முழுக்க மீன் வாசனை ஏறிவிட்டது, அத்தனையையும் அவளுக்கே கொடுத்துவிட்டு வந்தேன்.

இனி நீ கணக்கைப் போடு.

சவரியம்மாள்


அண்ணாமலை நகர்,
செப்டம்பர் 10

உ

அத்தைக்கு வணக்கம். இங்கே நலம். அங்கே மீன் வாசனை போயிருக்கும் என்று நம்புகிறேன்.

இதோடு ஒரு பெட்டி வரும். எங்கள் ஆபீஸ் சௌந்தரம் அக்கா கடலூரிலிருந்து தினம் ரயிலில் வந்து போகிறார்கள், அவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் எடையை வைத்து அரை ஈடு கேக் செய்தேன். திராட்சை 250 கிராம், பேரீச்சை 130, மற்றதெல்லாம் அதற்கேற்ற மாதிரி. கணக்கைத் தமிழ்மணியிடம் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் நாக்கு கையெழுத்துப் போட வேண்டும்.

கேள்விக்குப் பதில் வரவில்லை. காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஜோதிலட்சுமி


கடலூர் முதுநகர்,
செப்டம்பர் 19

சேசு மரி சூசை துணை

ஜோதிலட்சுமிக்கு, சுகம்.

கேக் வந்தது. பக்கத்து வீட்டு முத்தம்மாள் பெட்டியைப் பிரித்து வெட்டிக் கொடுத்தாள். வேகாமலும் இல்லை, கருகவும் இல்லை, நன்றாகத்தான் உப்பியிருக்கிறது. முத்தம்மாள் இரண்டு துண்டு சாப்பிட்டாள். பொய் சொல்லக் கூடாது, கை சுத்தமான கை.

ஆனால் இது என் கேக் இல்லை. பழத்தைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. என் கேக்கில் கத்தி இறங்கினால் பழத்தில்தான் இறங்கும். உன் கணக்கில் எங்கேயோ தப்பு. திரும்பப் போடு.

சவரியம்மாள்


அண்ணாமலை நகர்,
செப்டம்பர் 24

உ

அத்தைக்கு வணக்கம். நலமே.

என் கணக்கில் தப்பு இல்லை. இதை நான் மரியாதைக்குக் குறைவாகச் சொல்லவில்லை, ஆனால் விட்டுக்கொடுக்கவும் மாட்டேன். 125 கிராமை நாலால் பெருக்கினால் கடலூரிலும் ஐந்நூறு, சிதம்பரத்திலும் ஐந்நூறு. கேக்கில் பழம் குறைந்திருந்தால், டம்ளரில் குறைந்திருக்கிறது.

உண்மையைச் சொல்லுங்கள். மீன் மார்க்கெட்டில் தலை தட்டி அளந்தீர்களா? வீட்டில் எப்படி அளப்பீர்கள்? தலை தட்டியா, கோபுரமாகக் குவித்தா?

குவித்துத்தான் என்றால் ஒரு உதவி செய்யுங்கள். வீட்டில் எப்படிக் குவிப்பீர்களோ அதே மாதிரி, உங்கள் கையாலேயே, மூன்று முறை குவித்து மூன்று முறையும் எடை போட்டு எழுதுங்கள். ஒருவர் கோபுரம் மாதிரி இன்னொருவர் கோபுரம் இருக்காது. எனக்கு உங்களுடையது வேண்டும்.

அன்புடன்,
ஜோதிலட்சுமி


கடலூர் முதுநகர்,
அக்டோபர் 4

சேசு மரி சூசை துணை

ஜோதிலட்சுமிக்கு, நான் சுகமாகத்தான் இருக்கிறேன்.

தலை தட்டித்தான் அளந்தேன். வேறெப்படி அளப்பது? மார்க்கெட்டில் தராசுக்கு முன்னால் நின்றுகொண்டு, ஒரு டம்ளர் என்று சொல்லிவிட்டுக் கோபுரமாக ஒன்றேகால் டம்ளரை வைத்தால் அது ஏமாற்று இல்லையா? எடை என்றாலே நியாயம் என்று நினைத்தேன். வீட்டில் அப்படி இல்லை. பண்டிகைக்கு அளக்கும்போது பழத்தைத் தலை தட்டினால் அது கஞ்சத்தனம். மாவு மட்டும்தான் தட்டி அளப்பேன், மாவு கூடினால் கேக் செங்கல்லாகிவிடும். இதையெல்லாம் நீ முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்காதது உன் தப்பு.

கொளஞ்சி மூன்று முறை குவித்துப் போட்டாள். திராட்சை 150, 172, 161. இதில் எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்.

சவரியம்மாள்


அண்ணாமலை நகர்,
அக்டோபர் 9

உ

அத்தைக்கு வணக்கம். நான் நலம். உங்கள் நலத்தை இந்த முறை நான் மேம்போக்காக விசாரிக்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

உங்கள் கையால் குவியுங்கள் என்று எழுதியிருந்தேன். கொளஞ்சியக்கா குவித்திருக்கிறார். 150க்கும் 172க்கும் நடுவில் ஒரு கைப்பிடிப் பழமே போய்விடும், அதை வைத்து நான் எந்தக் கணக்கும் போட முடியாது.

அதனால் உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்து மறுபடி படித்தேன். தண்ணீர் டம்ளரைத் தட்டில் வைத்தது கொளஞ்சியக்கா. பேரீச்சையை நறுக்கியது கொளஞ்சியக்கா. கேக் பெட்டியைப் பிரித்து வெட்டியது முத்தம்மாள். உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும் வேறு யாரோதான் தூக்குகிறார்கள். மெஷினே ஆகாது என்பவர், இந்த வருஷம் தமிழ்மணியைத் தேடிப் போகிறார்.

அத்தை, உங்கள் கைக்கு என்ன?

ஆகாஷிடம் எதுவும் கேட்கவில்லை. உங்களைத்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
ஜோதி


கடலூர் முதுநகர்,
நவம்பர் 15

சேசு மரி சூசை துணை

ஜோதிலட்சுமிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாசத்துக்கு மேல் ஆகிறது. தபால்காரர் மேல் பழி போட முடியாது. எனக்குக் கோபம். மாமியார் கடிதத்தை மருமகள் விதை பொறுக்குகிற மாதிரி பொறுக்குவாளா? எழுத வேண்டாம் என்றே இருந்தேன். ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்திய அட்வென்ட் காலம் வரப்போகிறது, கேக் நிற்காது.

வலது தோள் இறுகிவிட்டது. ஆனி மாசத்திலிருந்து. கை மார்புக்கு மேலே ஏறாது. மேஜையில் முழங்கையை வைத்து எழுதலாம், சாப்பிடலாம். கேக் மாவைக் கிண்ட முடியாது. தலை வாரிவிட முத்தம்மாள் காலையில் வருகிறாள். ஆகாஷுக்குச் சொல்லவில்லை. புது வேலை, சொன்னால் லீவு போட்டுக்கொண்டு வந்து நிற்பான்.

இந்தத் தெருவில் இந்து வீடு, துலுக்க வீடு, வேதக்கார வீடு எதுவானாலும் கிறிஸ்துமஸ் என்றால் என் வீட்டுக் கேக் போகும். ஒரு வருஷம் நின்றால், சவரியம்மாளுக்கு முடியவில்லை, பிள்ளையும் பக்கத்தில் இல்லை, மருமகளும் எட்டிப் பார்ப்பதில்லை என்று பேசுவார்கள். எனக்கு அது தாங்காது. உண்மை என்பதால்தான் தாங்காது.

கொளஞ்சி குவித்தது தப்பு. அதற்கு ஒரு முறை உண்டு. முதல் பழம் உருளும் வரை போட வேண்டும். உருண்டதும் நிறுத்திவிட வேண்டும். உருண்ட பழத்தைத் திரும்ப எடுத்து ஏற்றக் கூடாது, அது அளக்கிறவள் வாய்க்கு. அவள் ஒரு தடவை பயந்துகொண்டு பாதியிலேயே நிறுத்தினாள், ஒரு தடவை விழுந்ததை எல்லாம் பொறுக்கிப் பொறுக்கி ஏற்றினாள். சௌந்தரத்திடம் என் டம்ளரைக் கொடுத்தனுப்புகிறேன். நீயே பார்த்துக்கொள். பத்திரம், அது இல்லாமல் எனக்கு அளவு ஓடாது.

சவரியம்மாள்


அண்ணாமலை நகர்,
நவம்பர் 19

உ

அத்தைக்கு வணக்கம்.

டம்ளர் பத்திரமாக வந்து சேர்ந்தது. நீங்கள் சொன்ன முறையில், முதல் பழம் உருளும் வரை குவித்து நிறுத்தேன். 164. கொட்டிவிட்டு மறுபடி, 166. மறுபடி, 165. பக்கத்து மேஜைப் பெண்ணைக் கூப்பிட்டுக் குவிக்கச் சொன்னேன். அவளுக்கும் 165. உருண்ட பழங்களை நாங்களே சாப்பிட்டுவிட்டோம், முறை தவறவில்லை.

இது எங்கள் ஆய்வுக்கூடத்துப் பாடம்தான், அத்தை. எந்த விதையைக் குவித்தாலும் ஒரு சரிவுக்கு மேல் நிற்காது, உருண்டுவிடும். விதைக்கு விதை சரிவு மாறும், கைக்குக் கை மாறாது. நீங்கள் குவித்தாலும் நான் குவித்தாலும் உங்கள் டம்ளரில் ஒரே கோபுரம்தான். நாலு டம்ளர் திராட்சை 660 கிராம். நாம் ஐந்நூறு என்று வைத்திருந்தோம். பேரீச்சை இரண்டு டம்ளர் 340, செர்ரி 210, டூட்டி ஃப்ரூட்டி 195, முந்திரி 140. இந்தக் கணக்கைத் தமிழ்மணியிடம் கொடுத்தால் உங்கள் கேக் அப்படியே வந்துவிடும். நான் வர வேண்டிய அவசியமே இல்லை.

ஆனாலும் வருகிறேன். பேரீச்சை கூழாகக் கூடாது. மாவை நான் கிண்டுகிறேன், தமிழ்மணி அடுப்பை மட்டும் கொடுக்கட்டும். டிசம்பர் 22 காலையில் தராசையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். கல்யாணமாகி இரண்டாவது கிறிஸ்துமஸ் வருகிறது, உங்கள் வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அது எனக்கும் தாங்கவில்லை.

இரண்டு நிபந்தனை. உடனே எலும்பு டாக்டரிடம் போக வேண்டும். ஆகாஷிடம் நீங்களே சொல்ல வேண்டும், நான் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
ஜோதி


கடலூர் முதுநகர்,
டிசம்பர் 2

சேசு மரி சூசை துணை

ஜோதிக்கு,

மாமியாருக்கே நிபந்தனை போடுகிற மருமகளை இப்போதுதான் பார்க்கிறேன். டாக்டரிடம் போனேன். சுவரில் விரலை வைத்து மேலே மேலே ஏற்றச் சொல்லியிருக்கிறார். பல்லி மாதிரி தினம் ஏறுகிறேன். ஆகாஷிடமும் சொல்லிவிட்டேன். ஒரு பாட்டம் திட்டினான், அப்புறம் அழுதான்.

வாசல் கிழக்கே பார்த்தது. நீல கேட்.

வருவதாக இருந்தால் உன் அப்பா பூவராகனிடம் சொல்லிவிட்டு வா. சொல்லாமல் வருவதெல்லாம் என் வீட்டில் நடக்காது. இன்னொன்று, நான் பேச மாட்டேன். வேண்டியதைத் தாளில் எழுதிக் காட்டுவேன். சம்மதம் என்றால் வா.

சவரியம்மாள்


அண்ணாமலை நகர்,
டிசம்பர் 28

உ

அன்புள்ள அத்தைக்கு ஜோதி எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். தோள் வலி எப்படி இருக்கிறது? பல்லி எதுவரை ஏறியிருக்கிறது?

பேசாமல் மூன்று நாள் ஒரே சமையலறையில் இருக்க முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இருந்துவிட்டோம். "சீரகம் இல்லை, சாதிக்காய்" என்று எழுதிக் காட்டினீர்கள். "மெதுவாக" என்று எழுதிக் காட்டினீர்கள். "உன் அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா, ஒரு கேக் எடுத்துப் போகலாமா" என்று எழுதிக் காட்டினீர்கள். அந்தத் தாள்களில் ஒன்றை நான் கேட்காமல் எடுத்து வந்துவிட்டேன்.

திராட்சையை அளந்தபோது நீங்கள் பக்கத்தில் நின்று டம்ளரை மட்டும்தான் பார்த்தீர்கள், தராசைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதல் பழம் உருண்டது. வழக்கமாக அதை நான் எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருப்பேன், மாவுக் கையாக இருந்ததால் விட்டுவிட்டேன். நீங்கள் இடது கையால் எடுத்து என் வாயில் போட்டீர்கள். தராசு 165 காட்டியது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டது வெங்காயத்தால் இல்லை, அங்கே வெங்காயமே இல்லை.

அப்புறம் கிறிஸ்துமஸ் அன்றைக்குத் தட்டை நான் தூக்க, நீங்கள் முன்னால் நடக்க, தெரு முழுக்கப் போனோம். ஒவ்வொரு வாசலிலும், "யாருக்கா இது?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு வாசலிலும் நீங்கள் சொன்னீர்கள்: "எங்க மருமவ. சிதம்பரத்துல வேலை. இந்த வருசம் கேக்கு அவ கை." கொளஞ்சியக்கா ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "அக்கா, ஒன் கேக்குதான்க்கா இது" என்று சொன்னபோது உங்கள் முகத்தைப் பார்த்தேன். எனக்கு எங்கள் ஆபீஸில் யாரும் அப்படி ஒரு சர்டிபிகேட் கொடுத்ததில்லை.

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன், அத்தை. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து என்னை ஏற்றிவிட்டீர்கள். பஸ் கிளம்பும் வரை நின்றீர்கள். "போய்ட்டு வா" என்று ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று ஜன்னலோரத்தில் காத்திருந்தேன். கையை மட்டும் ஆட்டினீர்கள், அதுவும் இடது கையை. தெருவுக்கெல்லாம் என்னைப் பற்றிச் சொன்னீர்கள், என்னிடம் சொல்லவில்லை. எனக்கு வருத்தம்தான். புவனகிரி தாண்டும் வரை வருத்தமாகவே இருந்தது.

அன்புடன்,
உங்கள் மருமகள் ஜோதி


கடலூர் முதுநகர்,
ஜனவரி 1

சேசு மரி சூசை துணை

அன்புள்ள ஜோதிக்கு,

நான் சுகம். நீ சுகமாக இருக்கிறாயா? இருமல் இருந்ததே, மிளகு போட்டுப் பால் குடித்தாயா? கை இப்போது நெற்றி வரை ஏறுகிறது, இன்றைக்குக் காலையில் நானே சிலுவை போட்டுக்கொண்டேன். முத்தம்மாள் பார்த்துக் கை தட்டினாள்.

நீ எடுத்துப் போன தாள் எது என்று எனக்குத் தெரியும். வைத்துக்கொள்.

பஸ் ஸ்டாண்டில் வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. ஆனால் ஒன்று யோசித்துப் பார். என் அண்ணன் தம்பி, அவர்கள் பெண்டாட்டி பிள்ளை, அத்தனை பேருக்கும் முன்னால் நின்று உன்னை ஒதுக்கிச் சொன்ன சொல் அது. அதைப் பஸ் ஸ்டாண்டில் யாருக்கும் தெரியாமல் ஜன்னல் வழியாகக் கிசுகிசுவென்று எடுத்துவிட்டால், உனக்கு என்ன மரியாதை? அவமானத்தைக் கூட்டத்தில் பண்ணிவிட்டு, உறவைத் தனியாகக் கொண்டாடுவதா? அப்படிப்பட்ட அளவு என் வீட்டில் கிடையாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர்கள் எல்லாரும் என் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். நான்தான் கூப்பிட்டேன். எதற்கு என்று சொல்லவில்லை. பதினோரு மணிக்கு, எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, போனை ஸ்பீக்கரில் போட்டு உன்னைக் கூப்பிடுவேன்.

எடு. ஆனால் நீ முதலில் ஹலோ சொல்லிவிடாதே. வாயை மூடியவள் நான், நான்தான் திறக்க வேண்டும்.

அன்புடன்,
உன் அத்தை